ஆள் பலம் இல்லாதவர்களின் தலைவர்கள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் பாலக்காடு நகரம் மெட்ராஸ் மாகாணத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. சில மைல் கிழக்கே வந்தால் சித்தூர் தாலுகா, கொச்சி ராஜாவுடையது. நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும்கூட கொச்சிதான். பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்க 1907-இல் காட்டுக்குள் டிராம் பாதை போட்டதும் கொச்சி அரசாங்கம்தான். அந்தக் கொச்சிக்கு 1925-இல் ஒரு சட்டசபை வந்தது. தமிழ் பேசும் சித்தூருக்கும் சேர்த்துச் சட்டம் போட்ட அந்தச் சபையில் ஒரு யூதர் உட்கார்ந்திருந்தார்.

பெயர் ஆபிரகாம் பாரக் சாலேம். 1882-இல் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, மெட்ராஸுக்குப் போய் பட்டமும் சட்டமும் முடித்துத் திரும்பிய வக்கீல். 1925 முதல் 1931 வரையிலும், மறுபடி 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினர். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். தொழிற்சங்கங்களுக்காகப் பேசியவர். எர்ணாகுளத்தில் அவர் ஏறி நின்று பேசிய சின்ன மேட்டுக்குச் சாலேம் குன்று என்றே பெயர் விழுந்தது. கொச்சி சமஸ்தானம் முழுவதிலும் யூதர்கள் சில ஆயிரம் பேருக்கு மேல் இல்லை. ஓட்டு எண்ணிக்கையை வைத்து எவரையும் மிரட்ட முடியாத ஒரு கூட்டத்தின் ஆள், எல்லோருக்குமான அரசியலைப் பேசினார்.

இன்றைக்குப் பாலக்காட்டிலோ இடுக்கி மலையிலோ யூதத் தெரு என்று ஒன்று கிடையாது. ஆனாலும் இந்த எல்லைப் பக்கங்களில் இஸ்ரேல் என்ற பெயர் முன்னெப்போதையும்விட அதிகமாக அடிபடுகிறது. கட்டப்பனை, அடிமாலிப் பக்கம் விசாரித்தால், யாராவது ஒருவருடைய மனைவியோ தங்கையோ அங்கே முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பார். போர்ச் செய்தி வந்தால் மலையோர வீடுகளில் போன் மணி ஓயாது. எனவே, இந்த மண்ணிலிருந்து முதலில் அந்த நாட்டுக்குப் போனவர்களையும், அவர்களுக்காகப் பேசியவர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க இதுவே சமயம்.

பெரியாற்றோடு வந்தவர்கள்

இடுக்கி மலையிலிருந்து இறங்கும் பெரியாறு கடலைத் தொடுகிற பகுதிதான் கொடுங்கல்லூர், சேந்தமங்கலம், பரூர். சற்று வடக்கே மாளை. கொச்சி யூதர்களின் பழைய ஊர்கள் எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்தான். மலை மிளகு படகில் இறங்கியது. அதை வாங்க வந்த வணிகர்கள் ஆற்று வாயிலேயே தங்கினார்கள். சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

அதற்கும் முன்னால், சுமார் கி.பி. 1000-இல், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்த செப்பேடு ஒன்று உண்டு. வட்டெழுத்தில் எழுதியது, தமிழ் படித்தவர் நிறுத்திப் படித்தால் பாதிக்கு மேல் பிடிபடும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு 72 சிறப்புரிமைகளை அது தருகிறது. பகலில் விளக்கு, நடக்கும் பாதையில் துணி விரிப்பு, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று மரியாதைகள் ஒரு பக்கம். சுங்கவரி விலக்கு மறுபக்கம். கொச்சியின் யூதர்கள் ஆயிரம் ஆண்டுகளாகத் தங்கள் கௌரவத்துக்கு ஆதாரமாகக் காட்டியது இந்த ஏட்டைத்தான்.

ஆனால் செப்பேடு ஒருவருக்குப் பல்லக்கு தந்தால், அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரின் பேரன்கள் என்ன ஆனார்கள் என்பதில்தான் சாலேமின் கதை தொடங்குகிறது.

படியில் உட்கார வைக்கப்பட்டவர்

மட்டாஞ்சேரி யூதத் தெருக் கோடியில் 1568-இல் கட்டிய பரதேசிப் பள்ளி இருக்கிறது. ஸ்பெயின், ஹாலந்து, பாக்தாத் என்று பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஜெபஆலயம். எசெக்கியேல் ரஹாபி போன்ற பெரும் வணிகர்கள் தொழுத இடம். டச்சுக் கம்பெனிக்கு மிளகு பேரம் பேசியதும், கம்பெனிக்காக ராஜாக்களிடம் தூது போனதும் ரஹாபிதான். தரையில் சீனத்து நீல ஓடுகள் பதித்திருப்பதைப் பார்க்கவே இன்று சுற்றுலாக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சாலேமின் முன்னோர்கள் இந்தக் குடும்பங்களில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழி. அதே வேதம், அதே பண்டிகை, அதே ஓய்வுநாள். ஆனால் பள்ளிக்குள் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்துத் தரையும் படியும்தான் அவர்களுக்கு. தோரா சுருளை எடுத்து ஓதும் உரிமை இல்லை. சம்பந்தம் செய்துகொள்ள மாட்டார்கள். செத்தவரைப் புதைக்கிற இடத்திலும் தகராறு. மெட்ராஸில் சட்டம் படித்து, சட்டசபையில் உட்கார்ந்து, லாகூர் வரை போய் வந்த மனிதருக்கு, தன் தெருவிலிருந்த ஜெபஆலயத்தில் இடம் படிக்கட்டு!

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1924, 25-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடக்கிறது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதில் இரண்டு முறை சிறைப்படுகிறார். அதே 1924-இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில், தேர்த் திருவிழாவின்போது அக்ரகாரத் தெருவுக்குள் வந்த ஈழவர்கள் தாக்கப்படுகிறார்கள். மலையாள தேசம் முழுவதும் ஒரே கேள்விதான்: யார் எந்தத் தெருவில் நடக்கலாம், யார் எங்கே உட்காரலாம்? சாதியைச் சாஸ்திரத்தில் காட்ட முடியாத ஒரு மதமும் இந்த மண்ணில் ஊன்றியபோது படிக்கட்டைக் கற்றுக்கொண்டது.

சாலேம் செய்தது, காந்தியிடம் கற்றதை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான். விலக்கப்பட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளையும் உட்கார வைத்தார். கேட்காதபோது பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். அந்தப் பள்ளியின் சரித்திரத்தை 1929-இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக எழுதியவரும் இவர்தான். உள்ளே உட்காரவிடாத கட்டடத்தின் பெருமையை ஊருக்குச் சொல்ல ஒரு தனி மனசு வேண்டும். உரிமைகள் ஒரே நாளில் வரவில்லை. படிப்படியாக, வருஷக் கணக்கில் வந்தன. கடைசியில் அவருடைய மகனே பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் தெருவில் எதிர்ப்பு இருந்தது.

வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன்னோடு ஜெபிக்கிற அண்டை வீட்டுக்காரரை எதிர்த்தால் என்ன கிடைக்கும்? அரட்டைக்குக்கூட ஆள் மிஞ்சாது. தலைமைக்கு நான் வைக்கும் உரைகல் இதுதான். சாலேம் அதில் தேறுகிறார்.

காந்தியும் சீயோனும்

சாலேமைச் சும்மா சிலையாக்கிவிட முடியாது. 1933-இல் பாலஸ்தீனத்துக்குப் போய் வந்தார். யூதர்களுக்கு அங்கே ஒரு தாயகம் வேண்டும் என்ற சீயோனியக் கருத்தில் உறுதியானார். மகன் ஒருவனுக்கு பால்ஃபர் என்று பெயர் வைத்தவர் அவர். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைக்க ஆதரவு என்று 1917-இல் அறிவித்த அதே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சரின் பெயர். காங்கிரஸ்காரர் வீட்டில் ஒரு பால்ஃபர்!

1938 நவம்பரில் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் யூதர்களைப் பற்றி எழுதினார். ஜெர்மனியில் அவர்கள் படும் பாட்டுக்கு இரங்கினார். ஆனால் பாலஸ்தீனம் அரேபியருக்கு உரியது, அவர்கள்மேல் யூதர்களைத் திணிப்பது தவறு என்றார். ஜெர்மானிய யூதர்கள் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்ற அவரது யோசனையை யூத அறிஞர் மார்ட்டின் பூபர் உள்ளிட்டோர் அப்போதே மறுத்து எழுதினார்கள். அதற்குப் பிறகு ஹிட்லர் செய்ததைப் பார்த்தால், அந்த யோசனையைக் காந்தி பக்தர்கள்கூடச் சத்தமாகச் சொல்ல முடியாது. ஆனால் காந்தி எழுப்பிய மற்ற கேள்வி, ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள் என்ன ஆவது என்பது, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. கொச்சியில் படிக்கட்டைப் பொறுக்காதவர், பாலஸ்தீனத்தில் அரேபியர் எங்கே உட்காருவார் என்ற கேள்வியையும் எதிர்கொண்டிருக்க வேண்டியவர். காந்தியின் முறையையும் சீயோனியரின் கனவையும் சேர்த்து வைத்துக்கொண்ட மனிதரிடம் அந்த முரண் இருந்தே தீரும். அதை மூடி மறைத்து அவரைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அவருக்கு நேர் எதிரான குணம் எஸ்.எஸ். கோடருக்கு. பாக்தாத்திலிருந்து வந்த பெரிய வணிகக் குடும்பம். கொச்சி நகரத்துக்கு மின்விளக்கு தந்த கொச்சின் எலக்ட்ரிக் கம்பெனி அவர்களுடையது. பள்ளிவாசல் என்ற மலையூரில் 1940-இல் தொடங்கிய மின்சாரமும், பிறகு இடுக்கி அணையும் கேரளத்தையே ஒளியூட்டும் முன்பு, கொச்சித் தெருக்களுக்கு வெளிச்சம் விற்றது ஒரு யூத நிறுவனம். படகுப் போக்குவரத்திலும் அந்தக் குடும்பத்தின் கை இருந்தது. ஃபோர்ட் கொச்சியில் சிவப்பு நிறத்தில் நிற்கும் கோடர் மாளிகையில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் கூடுவார்கள். 1968-இல் பரதேசிப் பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியானது. அந்த விழாவின் முன்வரிசை முகம் கோடர். கேரள யூதர் வரலாற்றை நூலாகவும் எழுதினார்.

கோடர் ஊரோடு இசைந்து போன தலைவர். அப்படிப்பட்டவரும் வேண்டும்தான், விளக்கு எரிய வேண்டுமே. ஆனால் விழாக் கொண்டாடிய வருஷத்தில் பள்ளியின் பெஞ்சுகள் பாதிக்கு மேல் காலி.

சாவியை ஒப்படைத்துவிட்டு

இஸ்ரேல் 1948-இல் உருவானது. இந்தியா 1950 செப்டம்பரில் அதை அங்கீகரித்தது. முழுத் தூதரக உறவுக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், பெரியாற்றங்கரை யூதர்களில் பெரும்பாலோர் கிளம்பினார்கள். யாரும் விரட்டவில்லை. ஐரோப்பாவில் நடந்தது போல எதுவும் கேரளத்தில் நடக்கவில்லை. வேதம் சொன்ன மண் என்ற ஈர்ப்பு. கூடவே, வியாபாரம் நொடித்துப்போன நிலை. ஒரு குடும்பம் போனால் பக்கத்து வீடும் போகும். ஜெபம் நடத்த வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. ஊரில் அந்தப் பத்துக் குறைந்தால் இருக்கிறவர்களுக்கும் இருப்புக் கொள்ளாது.

போவது அவ்வளவு எளிதாகவும் இல்லை. கொச்சிப் பக்கம் யானைக்கால் நோய் பரவலாக இருந்தது. அது தங்கள் நாட்டுக்குள் வந்துவிடும் என்று இஸ்ரேலிய சுகாதார அதிகாரிகள் பயந்து தடை போட்டார்கள். வீட்டையும் கடையையும் விற்றுவிட்டு, கையில் பயணச் சீட்டில்லாமல் காத்திருந்தவர்கள் பலர். இரத்தப் பரிசோதனை, மனு, கடிதம், பதில் என்று இழுத்தது. கடைசியில் 1954 வாக்கில்தான் வழி திறந்தது. புறப்பட நினைத்தவர்களுக்காக இஸ்ரேல் வரை போய்ப் பேசியவர்களில் சாலேமும் ஒருவர். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. தாயகம் வேண்டும் என்று சொன்ன அந்த மனிதர் தான் மட்டும் போகவில்லை. மட்டாஞ்சேரியிலேயே இருந்தார்; 1967-இல் அங்கேயே காலமானார். அவர் வாழ்ந்த தெருவுக்கு இன்று அவர் பெயர்.

மாளைக்காரர்கள் செய்த காரியம் இன்னும் யோசிக்க வைக்கிறது. 1955-இல் கிளம்பும்போது ஜெபஆலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் உள்ளூர் பஞ்சாயத்திடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். விற்கவில்லை. இடிக்கவில்லை. ஊரை நம்பினார்கள். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பகுதி பின்னாளில் விளையாட்டு மைதானமானது. மீட்கச் சொல்லி அங்குள்ள உள்ளூர்க்காரர்களே பல ஆண்டு போராடினார்கள். பரூரிலும் சேந்தமங்கலத்திலும் பள்ளிகளைப் பழுது பார்த்து அருங்காட்சியகமாக்கிய கேரள அரசு, மாளைக் கல்லறைகளுக்குச் செய்தது போதாது. நம்பி ஒப்படைத்தவர்கள் திரும்பி வந்து வழக்குப் போட மாட்டார்கள் என்பதற்காக ஒப்பந்தம் காலாவதியாகிவிடாது.

எர்ணாகுளத்துக் கடவும்பாகம் பள்ளிக்கு வேறு கதை. முன்புறத்தில் அலங்கார மீனும் செடியும் விற்றுக்கொண்டே, பின்னால் இருந்த ஜெபஆலயத்தைப் பல ஆண்டுகள் பாதுகாத்து, மறுபடி வழிபாட்டுக்குத் தயார் செய்தார் எலியாஸ் ஜோசபாய். பத்துப் பேர் தேறாத ஊரிலும் கட்டடத்தை விடாமல் பிடித்துக்கொள்வது ஒரு வகைத் தலைமைதான். கோடரின் மகள் குயீனி ஹலெகுவா பரதேசிப் பள்ளியின் நிர்வாகத்தைக் கவனித்தவர். 2024 ஆகஸ்டில் 89 வயதில் காலமானார். மட்டாஞ்சேரியில் அந்தச் சமூகம் அநேகமாக முடிந்தது.

நெகேவிலிருந்து கலிலேயா வரை

போனவர்களுக்கு நகரம் கிடைக்கவில்லை. மிளகுக்கொடியும் வெற்றிலையும் பார்த்து வளர்ந்தவர்களை நெகேவ் பாலையிலும் எருசலேம் மலைச் சரிவிலும் லெபனான் எல்லையிலும் குடியேற்றினார்கள். நெவாதிம், மெசிலாத் சீயோன், தாவோஸ், கஃபார் யுவால் போன்றவை அந்தக் கூட்டுறவுக் கிராமங்கள். கறுத்த தோலுக்கு அங்கேயும் ஓரக்கண் பார்வை இருந்தது. படிக்கட்டு வேறு உருவில் கூடவே வந்தது.

சேந்தமங்கலத்துப் பையனாகப் போன எலியாகு பெசலேல், நெகேவில் விவசாயம் கற்று, பசுமைக்குடிலில் பூ வளர்த்து ஏற்றுமதி செய்யும் அளவுக்கு உயர்ந்தார். இந்திய அரசின் பிரவாசி பாரதிய சம்மான் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தச் சொட்டுநீர், பசுமைக்குடில் முறைகளுக்கு நம் பக்கத்திலும் பள்ளிக்கூடம் உண்டு: திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும், கிருஷ்ணகிரி தளியில் கொய்மலருக்கும் இந்திய–இஸ்ரேல் மையங்கள் இயங்குகின்றன. பாலக்காட்டுக் கிழக்கு வறட்சிப் பகுதி விவசாயிக்கும் அவை எட்டும் தூரம்தான்.

ரூபி டேனியல் வேறு மாதிரி. இரண்டாம் உலகப் போரில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்த கொச்சிப் பெண். 1951-இல் வட இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸுக்கு, அதாவது கூட்டுப் பண்ணைக்குப் போனார். கொச்சி யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருந்த மலையாளப் பாட்டுகளை மொழிபெயர்த்து, தன் நினைவுகளையும் 1995-இல் நூலாக்கினார். பட்டம், பதவி எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு சமூகம் தன்னை என்னவென்று நினைத்தது என்பதை அறிய நமக்குக் கிடைத்திருப்பது அவருடைய குரல்தான். விழா மேடைகளின் உரை அல்ல.

வடக்கே கஃபார் யுவால் லெபனான் எல்லையை ஒட்டியது. 1975-இல் ஊருக்குள் புகுந்து நடத்தப்பட்ட தாக்குதலையும் பார்த்தது. 2024 ஜனவரியில் ஏவுகணை விழுந்து அங்கே ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி, அதே வடக்கு எல்லையில் உள்ள மார்கலியோட்டில், பழத்தோட்ட வேலையிலிருந்த கொல்லம் இளைஞர் ஒருவர் ஏவுகணைக்குப் பலியானார். காயம்பட்ட இரண்டு மலையாளிகளில் ஒருவர் இடுக்கிக்காரர். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2021 மே 11-ஆம் தேதி, இடுக்கி கீரித்தோட்டைச் சேர்ந்த ஒரு பெண், அஷ்கெலோனில் முதியவர் ஒருவரைப் பராமரித்துக்கொண்டிருந்த வீட்டில், காஸாவிலிருந்து வந்த ராக்கெட்டால் கொல்லப்பட்டார். ஊரிலிருந்த கணவரோடு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருந்த நேரம். இஸ்ரேல் ஜனாதிபதி குடும்பத்தோடு போனில் பேசினார். பெங்களூருவிலிருந்து துணைத் தூதர் அடக்கத்துக்கு வந்தார்.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய படுகொலையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அதன்பின் காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரம் பாலஸ்தீனர்கள், குழந்தைகள் உட்பட, இறந்தார்கள். போர் தொடங்கியபோது இஸ்ரேலில் இருந்த இந்தியர்கள் சுமார் 18,000. அவர்களில் பெரும்பாலோர் பராமரிப்பு வேலைக்காரர்கள். இடுக்கியின் தொடுபுழையைப் பூர்விகமாகக் கொண்ட ஒருவரின் கண்ணூர் ஆடைத் தொழிற்சாலை அந்த அக்டோபரிலேயே, சமாதானம் வரும்வரை இஸ்ரேல் போலீஸுக்குச் சீருடை தைக்கும் புதிய ஆர்டர்கள் வேண்டாம் என்று நிறுத்தியது. ஒரே மாவட்டத்தின் ஒரு வீட்டில் மகள் அங்கே இருக்கிறாள் என்று பிரார்த்தனை; அதே மாவட்டத்துக்காரரின் ஆலையில் ஆர்டர் வேண்டாம் என்ற முடிவு. இரண்டையும் நான் மதிக்கிறேன். வீட்டுக் கடனை அடைக்கப் போன பெண்ணிடம் காஸாவுக்குப் பதில் சொல்லச் சொல்வது நியாயமில்லை. அவள் சம்பளத்தைக் காட்டி காஸாவைப் பற்றிப் பேசாதே என்று வாயடைப்பதும் நியாயமில்லை.

ஆனால் ஒன்று கண்ணை உறுத்துகிறது. 1950-களில் கிளம்பிய சில ஆயிரம் பேருக்கு, இரத்தப் பரிசோதனை வரை ஒவ்வொன்றையும் பேசித் தீர்க்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை, இருந்தார்கள். 2023 மே மாதத்தில் இந்தியாவும் இஸ்ரேலும் கட்டட வேலைக்கு 34,000 பேர், பராமரிப்புக்கு 8,000 பேர் என்று மொத்தம் 42,000 பேரை அனுப்ப உடன்பாடு செய்துகொண்டன. இடுக்கியில், போடியில், கம்பத்தில், கொழிஞ்சாம்பாறையில் இந்த வேலைக்குப் பெயர் கொடுப்பவருக்காக ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? மலையாளிக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களைக் கவனிக்கும் கேரள அரசின் நோர்கா இருக்கிறது. எல்லையில் தமிழ் பேசும் தொழிலாளிக்குத் திருவனந்தபுரமும் தூரம், சென்னையும் தூரம். கட்டப்பனையிலும் சித்தூரிலும் இரண்டு மொழியும் தெரிந்த ஓர் அதிகாரியோடு உதவி மையம் திறப்பது இரண்டு மாநில அரசுகளாலும் முடியாத காரியம் இல்லை.

அது வரும்வரை, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இதையாவது செய்யுங்கள். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.